எட்டு வரி பேரல்

குரு சிஷ்யன் கதைன்னு சொன்னவுடனே நீங்க மனசுல ஒரு மரத்தை நட்டிருப்பீங்க. அடியில ஒரு தாடி. பக்கத்துல கமண்டலம். கொஞ்சம் தள்ளி ஒரு மான், சும்மா மேஞ்சுக்கிட்டு. தப்பில்ல. மானை மட்டும் சீக்கிரம் ஓட்டி விட்டுடுங்க. இங்க துப்பாக்கி சுடப் போறாங்க.

இந்தக் குருவுக்கு முப்பத்திநாலு வயசு. பேரு எஸ்தர். கோயமுத்தூருக்கு மேக்கால, மலையடிவாரத்துல இருக்கற ரைஃபிள் கிளப்புல துப்பாக்கி பழுது பாக்கறவங்க. நகத்துக்கடியில எப்பவும் எண்ணெய்க் கறுப்பு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்துல ரெண்டு பேசுவாங்க. அதுலயும் ஒண்ணு "ம்".

சிஷ்யனுக்கு அம்பத்திரெண்டு. பேரு ராக்கியப்பன், நூல் வியாபாரி. மில்லுக்குள்ள போனா மேனேஜரே எந்திரிச்சு நிப்பாரு. ஆனா எஸ்தரோட பட்டறை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் அவரு உள்ள நுழையறது. கூப்பிடறதும் "மாஸ்டர்"னுதான்.

அன்னிக்கு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் செலக்‌ஷன். மாநில அணிக்கு மூணு பேரை எடுப்பாங்க. போன வருசம் ராக்கியப்பன் நாலாவது, ஒரே ஒரு பாயிண்டுல. அதுக்கு முந்தின வருசமும் நாலாவது. இந்தத் தடவையும் நாலாவதுன்னா துப்பாக்கியை லைசன்ஸோட திருப்பிக் குடுத்துடறேன்னு பொண்டாட்டி தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருந்தாரு.

அந்தத் தலை அங்கதான் இருந்துச்சு. வசந்தாமணி, பட்டுச்சேலை கட்டி, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, கல்யாணப் பத்திரிகையால விசிறிக்கிட்டு. சாயங்காலம் ஒரு ரிசப்ஷன்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்விங்க."

"ம்."

"நம்ம பேரல் ஆறு வரி. கிளப்பு செகரட்டரிகிட்ட எட்டு வரி ஒண்ணு சும்மா கெடக்குது. இன்னிக்கே மாட்டிரலாம்ங்களா?"

வரின்னா, பேரலுக்குள்ள, அதாவது துப்பாக்கிக் குழாய்க்குள்ள, மரை மாதிரி முறுக்கிக்கிட்டு ஓடற பள்ளம். தோட்டாவைப் புடிச்சுச் சுழட்டி விடறதே அதுதான். சுழலாத தோட்டா, சாராயக்கடை மூடினப்புறம் வீட்டுக்குப் போற ஆளு மாதிரி. போய்ச் சேரும். எந்த வீட்டுக்குன்னு சொல்ல முடியாது.

"எட்டு எதுக்குங்ணா?"

"நூல் மாதிரிதானுங்க. நாப்பதாம் நம்பரை விட அறுபது சன்னம். அறுபதை விட எம்பது. நம்பர் ஏற ஏற நைஸ்."

எஸ்தர் கையைத் துடைச்சாங்க. பீரோவைத் தொறந்து மூணு துப்பாக்கியை எடுத்து மேசை மேல வச்சாங்க.

"மண்ணு மூட்டை மேல வச்சு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ரவுண்டு. சுடறதுக்கு முன்னால அது வாயைப் பாக்கக் கூடாது."

"அதெல்லாம் பாக்க மாட்டாரும்மா," அப்படின்னாங்க வசந்தாமணி. "வீட்டுலயே ஒரு வாயைப் பாத்துப் பயந்து கெடக்கறாரு."

பட்டறைக்கு வெளிய, சுடற எடத்துல ராக்கியப்பன் படுத்தாரு. மூச்சை விட்டாரு. அம்பது மீட்டர். மூணு துப்பாக்கியிலயும் அஞ்சஞ்சு. கடைசியா தன்னோடதுலயும் அஞ்சு.

குறி வச்சுச் சுட்ட காயிதம் நாலும் வந்துச்சு. முதல் மூணுலயும் அஞ்சு குண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா விழுந்து, சுண்டைக்காய் அளவுக்கு ஒரே ஓட்டை. அவரோடதுல மட்டும் ஒரு நெல்லிக்காய் பரப்புல அஞ்சும் அங்கங்க நின்னுச்சு, சண்டை போட்ட பங்காளிங்க ஒரே விசேசத்துக்கு வந்த மாதிரி.

"எட்டு வரி எது?" எஸ்தர் கேட்டாங்க.

"மூணாவது. சந்தேகமே இல்லைங்க. தோள்ல வச்சவுடனே தெரிஞ்சு போச்சு."

"அது ரெண்டு."

"ரெண்டாவதா எடுத்ததுங்களா?"

"ரெண்டு வரி. மொத்தமே ரெண்டுதான். முதல்ல எடுத்தது அஞ்சு. நடுவுல இருந்தது எட்டு."

ராக்கியப்பன் மூணு காயிதத்தையும் ஓட்டைக்கு ஓட்டை சரியா அடுக்கி, வெயிலுக்கு நேரா தூக்கினாரு. ஒரு பொட்டு வெளிச்சம் அந்தப் பக்கமா வந்து அவரு கன்னத்துல விழுந்துச்சு. ரெண்டு வரி எது, எட்டு வரி எதுன்னு வெயிலுக்கும் தெரியல.

"அப்ப எத்தனை வரி இருந்தா நல்லதுங்க மாஸ்டர்?"

எஸ்தர் ரெண்டு வரி பேரலோட பின்பக்கம் ஒரு சின்ன ஈயக் குண்டை இறுக்கமா வச்சாங்க. கைப்பிடி தானா சுத்தற மாதிரி ஒரு நீளக் கம்பியை அவரு கையில குடுத்தாங்க.

"கண்ணை மூடுங்க. மெதுவா தள்ளுங்க."

அவரு இத்தனை நாளும் கயித்துல துணியைக் கட்டி, சர்ருனு இழுத்துத்தான் பேரலைச் சுத்தம் பண்ணியிருக்காரு. இப்பத்தான் முதல் தடவையா தள்ளறாரு. குண்டு உள்ள ஏறுச்சு. அப்ப கம்பி திரும்புச்சு.

அவரு திருப்பல. அதுவா திரும்புச்சு. கூட்டத்துல தொலையாம இருக்க ஒருத்தர் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவாங்களே, அந்த மாதிரி உள்ள என்னமோ குண்டைப் புடிச்சு, விடாம, நிதானமா வளைச்சுக்கிட்டே கொண்டு போச்சு. வாய் வரைக்கும் அதே புடி. கடைசி அரை இஞ்ச் வரைக்கும் அதே புடி. அப்புறம் விட்டுச்சு. டங்குனு குண்டு கீழ விழுந்துச்சு.

ராக்கியப்பனுக்குக் கை முழுக்கப் புல்லரிச்சுப் போச்சு. பதினோரு வருசமா தோட்டாவை அனுப்பிக்கிட்டே இருந்தவரு, அது போற வழியில ஒரு தடவை கூட அதோட போனதில்லை.

"மாஸ்டர்." கண்ணை மூடினபடியே சொன்னாரு. "உள்ள யாரோ இருக்காங்க மாஸ்டர்."

"ம்."

எட்டு வரியிலயும் தள்ளினாரு. அஞ்சுலயும் தள்ளினாரு. அதே கை. அதே புடி. கண்ணைத் தொறக்க மனசே வரல அவருக்கு. வசந்தாமணி கூட விசிறறதை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"இப்ப உங்களுது."

ஏறுச்சு. திரும்புச்சு. அழகா கூட்டிக்கிட்டுப் போச்சு. போச்சு, போச்சு, வாய்க்கு ஒரு விரக்கடை முன்னால பொசுக்குனு கையை விட்டுடுச்சு. கம்பி வெறும் குழாய்க்குள்ள போற மாதிரி வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு.

அவரு கண்ணைத் தொறந்தாரு. எஸ்தர் லென்ஸை நீட்டினாங்க. துப்பாக்கி வாய்க்குள்ள பாத்தாரு. ஆறு வரியும் உள்ள இருந்து கூரா, பளபளன்னு சுத்திக்கிட்டு வருது. வாய்கிட்ட வந்தா, கொத்து தேய்ஞ்ச அம்மிக்கல்லு மாதிரி மழுமழுன்னு ஒண்ணுமில்ல. அதுலயும் ஒரு பக்கம் அதிகம்.

"தோட்டா கடைசியா எதைத் தொட்டுட்டுப் போகுதுங்ணா?"

"வாயைத்தானுங்க."

"ம்."

"அப்ப, அவ்வளவுதானுங்களா? நாளைக்கு?"

"லேத்துல போட்டு ஒரு இஞ்ச் வெட்டிடலாம். உள்ள வரி நல்லா இருக்கு. விடியறதுக்குள்ள புது வாய் வச்சுத் தரேன்."

அவருக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. குனிஞ்சு கால்ல விழுந்திருப்பாரு. எஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"சுட்டு இப்படித் தேயாது. இது கை பட்டுத் தேய்ஞ்சது. அந்தக் கை யாருதுன்னு தெரியாம வெட்ட மாட்டேன்."

"ஏனுங்க?"

"புது வாயையும் தேய்ச்சுடும்."

ராக்கியப்பனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. "எவன் கை வச்சிருப்பான்? வீட்டு பீரோ சாவி என் இடுப்புலயேதான் கெடக்குது. கொழந்தை மாதிரி வச்சிருக்கேன் மாஸ்டர். வீட்டுல ஒருத்தரையும் தொட விடறதில்ல. வேலைக்காரங்க அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல. சொல்லுங்க, எவன் தேய்ச்சிருப்பான்?"

எஸ்தர் அவரையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவரும் பாத்தாரு.

"ஏனுங்க," அப்படின்னாங்க வசந்தாமணி, பத்திரிகையை மடியில வச்சுட்டு. "நீங்கதானே வெள்ளிக்கிழமை தவறாம, வெள்ளி விளக்கு தேய்ச்ச கையோட, ஈர்க்குச்சியில துணியைச் சுத்தி, விபூதியைத் தொட்டுத் தொட்டு, அது வாயை முக்கா மணி நேரம் கடையறீங்க. அப்புறந்தானே பொட்டு வச்சுச் சூடம் காட்டறீங்க."