மேட்டுக் கூடாரம்

“பலம் நூறு. எதிரிக்கு நாப்பதுதான். அப்புறம் எதுக்கு அம்மிணி என் படை ஓடுது?”

வையாபுரி மேசையைத் தட்டினார். திரையில் அவருடைய நீலப்படை ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி திரையை எட்டிப் பார்த்தாள். கணினி மையம் அவளுடையது. போர் விளையாட்டில் அந்த ஊரில் அவளை ஜெயித்தவர் இல்லை. டீயில் படிந்த ஆடையை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

தொழிற்சங்கத் தலைவரான வையாபுரி அவளிடம் பாடம் கேட்க வந்தது வேறொரு தோல்வியைச் சுமந்துகொண்டு.

பஞ்சாலை வாசலில் கடைசி மறியல். ஆலையே திரண்டு நின்றது. போலீஸ் வண்டி வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வாசல் காலி. செருப்புகள் மட்டும் கிடந்தன.

மறுநாளே ‘முதுகு காட்டியவர்கள்’ என்று துண்டறிக்கை அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். முதல் பெயர் மாசிலாமணி. ஒரே பீடியை இருவரும் பாதிப்பாதியாகப் பிடித்த காலம் உண்டு.

அதோடு சங்கத்துக்கு ஆள் வருவது நின்றது. கொடிக்கம்பத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். யாரோ போவார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சிப்பாயாவது சொன்ன இடத்தில் நிற்பான் என்று நம்பி இங்கே வந்தார்.

அவனும் ஓடினான்.

“இதுக்குள்ளயும் கருங்காலிதானா?”

“தலைவரே, நூறுன்னு எதைப் பார்த்துச் சொல்றீங்க?”

“படை மேல கொட்டை எழுத்துல போட்டிருக்குதே.”

“அது தலை எண்ணிக்கைங்க. அதுக்குக் கீழ செவப்பா ஒரு கோடு இருக்குதே?”

“அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

“காலமெல்லாம் செங்கொடி புடிச்சவரு. செவப்பக் கண்டா அழகுன்னுதான் நெனைப்பீங்க. அது திறனுங்க. நூறு பேர் இருக்கலாம். எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு அந்தக் கோடுதான் சொல்லும். செவந்துட்டா நிக்க மாட்டாங்க.”

“அதை எப்படி ஏத்தறது?”

“தலைமைக் கூடாரம் எங்க போட்டிருக்கீங்க?”

வையாபுரி நெஞ்சை நிமிர்த்தினார்.

“குன்று மேல. நாலு பக்கமும் தெரியும். ஒருத்தன் அசைஞ்சாலும் என் கண்ணுக்குத் தப்பாது.”

கோகிலவாணி திரையில் குன்றின்மேல் கட்டைவிரலை வைத்தாள். சுண்டுவிரலைப் படையை நோக்கி நீட்டினாள். விரித்த சாண் படையை எட்டவில்லை.

கூடாரத்தைக் கீழே இறக்கினாள். ஆற்றங்கரைச் சேற்றில், படைக்கு நடுவில் வைத்தாள். ‘ஓய்வு’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

எதிரி ஒரு கிராமத்தைப் பிடித்தான்.

“ஐயோ, ஊரு போகுது!”

“போகட்டுங்க.”

“போராட்டத்துல ஏது அம்மிணி ஓய்வு?”

அவள் மறுபடியும் அதையே அழுத்தினாள். படை நகரவில்லை. சுடவில்லை. கூடாரமும் படையும் ஒரே கட்டத்தில் சும்மா கிடந்தன.

சிவப்புக் கோடு மெல்ல மஞ்சளானது.

வையாபுரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்தச் சின்னக் கூடாரத்தையே பார்த்தார்.

மறியல் அன்றைக்கு அவர் நின்றது சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில். கையில் மைக். ஆலை வாசல் முழுவதும் அங்கிருந்து தெரிந்தது. ஓடுவதற்கு முன்னால் மாசிலாமணி ஒரு தடவை திரும்பினான். அண்ணாந்து பார்த்தான்.

தப்பிக்க வழி தேடுகிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

கோடு பச்சையானது.

“இப்ப அடிக்கலாமுங்க, தலைவரே.”

நாற்காலி காலியாக இருந்தது. வையாபுரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?”

“மாசிலாமணி ஊட்டுக்கு.”

“போய் என்ன சொல்லுவீங்க?”

“சொல்றதுக்கு என்ன இருக்குது? கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்ந்துட்டு வர்றேன்.”