செருப்பு அலமாரியின் நடு வரிசை

மலைமேல் ஒரு தொலைநோக்கி. அதற்குப் பொறுப்பு டாக்டர் பொற்கொடி, வயது முப்பத்தெட்டு. அவளிடம் வானம் படிக்க வந்த சீடர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பென்ஷன் வாங்குகிறவர்கள்.

ஒருவர் ஜமாலுதீன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். இன்னொருவர் சூசைமாணிக்கம். ரயிலோடு ஓடும் தபால் வண்டியில் நின்றுகொண்டே முப்பத்தாறு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர்.

நட்சத்திர மண்டலங்கள் வானத்தில் சீராக இறைந்து கிடப்பதில்லை. கயிறு மாதிரி, சுவர் மாதிரி சேர்ந்து நிற்கும். நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள். பொற்கொடி அதற்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜமாலுதீனுக்கு ஒரு சுவரைக் கொடுத்தாள். நூறு கோடி ஒளியாண்டுக்கு மேல் நீளம். சூசைமாணிக்கத்துக்கு ஒரு வெற்றிடத்தைக் கொடுத்தாள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முப்பது கோடி ஒளியாண்டு.

வேலை ஒன்றுதான். ஒவ்வொரு மண்டலத்தின் ஒளிக்கும் ஒரு தாள் வரும். தாளில் ஒரு கோடு, அதன் அடியில் வரிசையாக எண்கள். கோட்டில் ஓரிடத்தில் முள் மாதிரி எழும்பி நிற்கும். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். கணினி அதைக் கணக்குப் போட்டுத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கும். மனிதக் கண் பார்த்து, சரியென்றால் வைக்கும், இல்லையென்றால் தள்ளும். தள்ளியது வரைபடத்தில் ஏறாது.

எட்டு மாதம் பார்த்தார் சூசைமாணிக்கம். இந்தக் கரையில் நிறைய இருந்தது. அந்தக் கரையிலும் நிறைய. நடுவில் ஒன்றுகூட இல்லை.

தினம் காலையில் ஜமாலுதீன் கேட்பார்: "என்ன ஓய், உங்க ஊர்ல இன்னிக்காவது யாராவது குடிவந்தாங்களா?"

வரைபடத்தை முடித்து அனுப்புவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும், சூசைமாணிக்கம் பெட்டியோடு வந்து நின்றார்.

"நான் கிளம்பறேம்மா."

"எங்க?"

"ஊருக்கு. மூணு மணி பஸ்."

"எப்ப வருவீங்க?"

"வரல."

பொற்கொடி டீயைக் குடித்து முடித்தாள். "ஏன்?"

"நீங்க சொல்லுங்க. ஜமாலுக்குச் சுவர். எனக்கு மட்டும் ஏம்மா ஒன்னுமில்லாத இடம்? வீட்டுக்குப் போனா அங்கயும் அதுதான். அவ போய் நாலு வருஷமாச்சு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதையே பாக்கறதுக்கா மலையேறி வந்தேன்?"

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு வேலை பாக்கி. முடிச்சிட்டுப் போங்க."

தொலைநோக்கிக் கூடத்துக்குள் தூசி போகக் கூடாது. வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு மர அலமாரி. ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு அறை.

"செருப்பையெல்லாம் எடுத்து வெளிய போடுங்க."

"எதுக்கும்மா?"

"கடிதம் பிரிக்கப் போறீங்க."

"செருப்பு அலமாரியிலயா?"

"தபால் இலாகா எனக்கு வேற குடுக்கல."

முணுமுணுத்துக்கொண்டே செருப்புகளை வாரி வெளியே கொட்டினார். அவருடைய ஜோடியும் அதில் போனது. அவள் சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு அறைக்கும் வரிசையாகத் தாளில் வரும் எண்களைப் போட்டாள்.

"ரயில்லயும் இப்படித்தானா?"

"ஊருக்கு ஒரு அறை. கை தானாப் போகும், கண்ணு பாக்கவே வேண்டாம்." கொஞ்சம் முகம் தெளிந்தது அவருக்கு. "ஒரு உப்பளம் இருந்துதும்மா. மொத்தமே ஒரு வீடு, காவக்காரன் வீடு. ஆறு மாசத்துக்கு ஒரு கடிதம் வந்தா பெருசு. அதுக்கும் ஒரு அறை வெச்சிருந்தேன். புதுசா வந்த ஆபீசர், 'இது சும்மாதானே கிடக்கு, வேற ஊருக்குக் குடு'ன்னார். முடியாதுன்னேன். மெமோ குடுத்தார்."

"ஏன் முடியாதுன்னீங்க?"

"என்னம்மா கேள்வி இது? வருமே."

பொற்கொடி தலையை ஆட்டினாள். உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். எட்டு மாதத்தில் அவர் பார்த்ததில் இருநூறு. கத்தரிக்கோலால் கட்டுக் கட்டாகத் தலைப்பை வெட்டினாள். கணினி எழுதியது போயிற்று. அவர் போட்டிருந்த குறிகளும் போயின. வெட்டிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

"தூரம் கீரம் பாக்க வேண்டாம். முள் எந்த எண்ல நிக்குதோ அந்த அறை."

"முள் இல்லன்னா?"

"கீழ போடுங்க."

சூசைமாணிக்கம் கட்டை இடது கையில் ஏந்தினார். காலைச் சற்று அகட்டி நின்றுகொண்டார், தரை ஆடப்போகிறது என்பதுபோல. அப்புறம் கை ஓடியது. அவர் நினைப்பைத் தாண்டி ஓடியது. மேல் வரிசை, கீழ் வரிசை, மறுபடி மேல். நடுவில் எங்கேயோ ஒன்று. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முள் இல்லாத ஒன்பது தாள் காலடியில் கிடந்தது.

"முடிஞ்சுது" என்றார். மூச்சு வாங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மேல ரெண்டு வரிசை இந்தக் கரை" என்றாள் பொற்கொடி. "கீழ ரெண்டு வரிசை அந்தக் கரை. நடு வரிசை உங்க ஊர்."

சூசைமாணிக்கம் நடு வரிசையைப் பார்த்தார். ஏழு அறை. ஒன்றில் மூன்று தாள், ஒன்றில் ஒன்று, மற்றதில் இரண்டு இரண்டு. எண்ணினார். பதினாலு.

"இருக்காது."

"நீங்க போட்டதுதான்."

"கை தப்பியிருக்கும்."

"முப்பத்தாறு வருஷத்துல எத்தனை தடவை தப்பியிருக்கு?"

ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். முள் தெளிவாக நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும்.

அவள் பையைத் துழாவி ஒரு துண்டை எடுத்து, அவர் கையிலிருந்த தாளின் தலையில் பொருத்தினாள். தாளின் அடியிலும் துண்டிலும் ஒரே வரிசை எண். துண்டில் கணினி போட்ட தூரம் இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் அவருடைய குறி: தள்ளு.

"ஏன் தள்ளினீங்க?"

"அந்த இடத்துல யாருமே இல்லையேம்மா. முகவரி தப்புன்னு நினைச்சேன்."

"யாருமே இல்லன்னு யார் சொன்னா?"

"நீங்கதானே வெற்றிடம்னு..."

"பேரு அது. சுவர்னு சொன்னேன், ஜமால் ஐயா என்ன ஆணியா அடிச்சார்?"

ஜமாலுதீன் வெளியே செருப்புக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "யோவ், என் செருப்பு எங்கய்யா? இது என்ன கூத்து?" என்று சத்தம் போட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். நடு வரிசையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"குடிவந்துட்டாங்களா ஓய்?"

"முன்னாடியே இருந்தாங்க" என்றார் சூசைமாணிக்கம், திரும்பாமல்.

கீழே வளைவில் பஸ் ஹார்ன் கேட்டது.

"மூணு மணி" என்றாள் பொற்கொடி.

அவர் காதில் விழுந்ததோ என்னவோ. பையை வாங்கித் தரையில் கவிழ்த்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நடு வரிசைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் தலைப்பைத் தேடிப் பிடித்து, சிவப்புக் குறியை அடித்து, 'வை' என்று எழுதினார். பஸ் இரண்டாம் தடவை ஹார்ன் அடித்துவிட்டு இறங்கிப் போயிற்று.

கடைசித் தாளில் நின்றார். ஒற்றையாக ஓர் அறையில் இருந்த தாள் அது. தூரத்தைப் பார்த்தார். மற்ற பதின்மூன்றோடு ஒப்பிட்டார். வெற்றிடத்துக்கு நட்டநடுவில் இருந்தது.

"இதுக்குக் கிட்டத்துல ஒருத்தரும் இல்லையேம்மா" என்றார். "நாலு பக்கமும் கோடி கோடி ஒளியாண்டுக்கு ஒன்னுமில்ல. இவ்வளவு தனியா இருந்துக்கிட்டு இது அங்க என்னதான் பண்ணுது?"

பொற்கொடி குனிந்து, முள்ளின் நுனியில் விரலை வைத்தாள்.

"இந்த முள் எப்ப எழும்பும்? முதல் நாளே சொல்லியிருக்கேன்."

"புதுசா நட்சத்திரம் பிறக்கும்போது."

"அதான் பண்ணுது."