கை நனைக்காத ஊர்

வேம்பன் கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஒவ்வொரு காயாக எடுப்பான், காம்பைப் பார்ப்பான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான், கடைசியில் முதலில் வேண்டாம் என்று வைத்த காயையே மறுபடி எடுப்பான். அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு ஊரைத் தேர்ந்தெடு என்றால் அவன் என்னதான் செய்வான், பாவம்.

இருளப்ப வைத்தியரிடம் அவன் மருத்துவம் படித்து முடித்திருந்தான். மலையடிவாரத்தில் இருந்தது அந்த வைத்தியசாலை. படித்து முடித்தவன் எந்த ஊரில் போய்த் தொழிலைத் தொடங்குவது என்பதை அவனேதான் முடிவு செய்ய வேண்டும். ஐயா அதில் வாயே திறக்க மாட்டார். ஆடி பிறப்பதற்கு முன்பே வேம்பனை மூன்று ஊர்க்காரர்கள் வந்து கூப்பிட்டிருந்தார்கள். அறுவடை முடிவதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெண்மாடம் தலைநகரம். அங்கே போனால் பேர் கிடைக்கும், பெரிய வைத்தியர்களின் பழக்கம் கிடைக்கும், ஆனால் வீட்டுக்குத் தருகிற குடக்கூலி கழுத்தைப் பிடிக்கும். கொற்றத்துறை துறைமுகம். கப்பலில் வருகிற புதுப்புது மருந்துச் சரக்கைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் உப்புக்காற்று அவன் உடம்புக்கு ஆகாது. சுனையூர் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீர் அவ்வளவு ருசி, ஆனால் அங்கே யாருக்கும் நோயே வருவதில்லை என்று பேச்சு. வைத்தியன் அங்கே போய் ஈ ஓட்டவா?

கூடப் படித்தவர்களைக் கேட்டான். சம்பாதிக்கிற வயசில் தலைநகரத்துக்குப் போகாதவன் முட்டாள் என்றான் ஒருவன். அம்மா கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரத்தில் இரு என்றான் இன்னொருவன். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

ஆனால் மனசுக்குள் அவன் சாய்ந்தது வெண்மாடத்தின் பக்கம். அங்கே சேந்தன் இருந்தான்.

சேந்தன் அவனுக்கு முன்னால் படித்து முடித்துப் போனவன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள். சேந்தனின் பசி வைத்தியசாலை முழுக்கப் பிரசித்தம். அவன் கஞ்சி குடித்து வைத்த கும்பாவைப் பார்த்து, இதைக் கழுவவே வேண்டாமே என்று வேம்பன் கேலி செய்வான். சேந்தன் சிரித்துக்கொண்டே இவன் கும்பாவை எட்டிப் பார்ப்பான். இவனும் திட்டிக்கொண்டே பாதியை அவன் பக்கம் தள்ளிவிடுவான்.

அந்த வைத்தியசாலையில் சேர்கிற அன்றைக்கே ஒரு சத்தியம் வாங்குவார்கள். நோயாளி வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் அந்த வீட்டில் கசப்பான உண்மையைச் சொல்ல நாக்கு எழாது என்பது ஐயாவின் கணக்கு. இல்லாத வீட்டுக்காரன் வைத்தியருக்காகக் கடன் வாங்கி உலை வைப்பான் என்பது இன்னொரு கணக்கு. பசிக்கிறது என்று வைத்தியன் வெளியே சொல்லவும் கூடாது. சேந்தன் சத்தியம் செய்த அன்றைக்கு, "ரொம்பப் பசிச்சா என்னங்கய்யா செய்யிறது?" என்று கேட்டானாம். "பொறுத்துக்கோ" என்றாராம் ஐயா. எல்லாரும் சிரித்தார்களாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. படித்து முடித்து ஒருவன் கிளம்பிப் போனால் அவனுடைய வெண்கலக் கும்பாவைக் கழுவி, அடுக்களைப் பலகையில் கவிழ்த்து வைப்பார்கள். போன ஊரில் நோயாளி இல்லாத ஏதோ ஒரு வீடு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டது என்று செய்தி வர வேண்டும். வந்ததும் ஐயா தன் கையாலேயே கும்பாவை நிமிர்த்துவார். அவனுக்கு ஊர் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் புதிதாக வருகிற பிள்ளை அதில் கஞ்சி குடிக்கும்.

எல்லாருடைய கும்பாவும் சீக்கிரமே நிமிர்ந்தது. சேந்தனுடையது மட்டும் கவிழ்ந்தே கிடந்தது. அவனுடைய புகழ் என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. வெண்மாடத்திலிருந்து வந்த வண்டிக்காரர்கள் அவன் கைராசியைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். சோற்றைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆடி பிறந்த பிறகு அந்தப் பக்கத்து வண்டிகள் வருவதும் நின்றுபோனது. பெரிய மனிதனாகிவிட்டான், சொல்லியனுப்ப நேரமிருந்திருக்காது என்று வேம்பன் நினைத்துக்கொண்டான்.

அறுவடை நெருங்கியது. வேம்பன் ஐயாவின் எதிரில் போய் நின்று மூன்று ஊர்களின் நல்லது கெட்டதை எல்லாம் ஒப்பித்தான். ஐயா மாத்திரை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நான் எந்த ஊருக்குப் போகட்டும் ஐயா?"

ஐயாவின் கண் அடுக்களைப் பலகைப் பக்கம் போனது.

"வெண்மாடத்துக்குப் போய் சேந்தனைப் பார்த்துட்டு வா. கும்பாவை நிமிர்த்தலாமான்னு கேட்டுட்டு வா."

வேம்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சேந்தனுக்குப் பிடிக்குமே என்று எள்ளுருண்டை கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வெண்மாடத்தில் சேந்தனின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு சிரமமும் இல்லை. வைத்தியர் சேந்தன் என்றதும் வழியில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். காட்டியவர்களின் முகம் ஏன் அப்படி ஆனது என்று அவன் யோசிக்கவில்லை. போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் ஒரு காய்ந்த பூச்சரம் தொங்கியது.

பக்கத்து வாசலில் பால் அளந்துகொண்டிருந்த அம்மாள்தான் சொன்னார். ஆடியில் ஊர் முழுக்க விஷக்காய்ச்சல் பரவியதாம். சேந்தன் வீடு வீடாக ஓடினானாம். ஒரு தெருவில் காய்ச்சல் இறங்கினால் அடுத்த தெருவில் ஏறுமாம். கடைசியில் அவனுக்கும் வந்ததாம். ஊரில் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அவன் போய்விட்டான்.

வேம்பன் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எள்ளுருண்டைப் பொட்டலம் மடியில் இருந்தது. அவனுக்கு அழத் தெரியவில்லை. பைத்தியக்காரன் மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்டான், அவன் யார் வீட்டில் சாப்பிட்டான் என்று.

பால்கார அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் ஒரு தடவை கூப்பிட்டேன் தம்பி. உன் பிள்ளைக்கு மருந்து குடுத்திருக்கேனே ஆத்தா, கை நனைக்கக் கூடாதுன்னாரு. அப்போ யாரு வீட்லதான் சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். நோயில்லாத வீடு ஒண்ணு கிடைக்கட்டும்னு சிரிச்சாரு. இந்த ஊர்ல எந்த வீட்டுக்குள்ள அவரு மருந்து போகலை, சொல்லு."

வந்த புதிதில் அவனே பொங்கிச் சாப்பிட்டானாம். பேர் வளர வளர அதற்கு நேரம் இல்லாமல் போனதாம். காய்ச்சல் காலத்தில் அந்த வீட்டு அடுப்பு எரிந்ததையே அவர் பார்க்கவில்லையாம்.

வேம்பன் எழுந்து தெருவில் இறங்கினான். ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் கேட்டான். அவர் கண் கலங்கினார். சேந்தன் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றார். சாப்பாட்டுக்கு அவனுக்கு என்ன குறை, எதிர்வீட்டு அரண்மனைக் கணக்கர் தினமும் தாங்கியிருப்பாரே என்றார். கணக்கர் வீட்டில் கேட்டான். ஜவுளிக்காரர் வீடு இருக்கையில் நாங்கள் எப்படிக் கூப்பிடுவது, அவர்கள் வசதிக்கு முன்னால் எங்கள் சோறு எந்த மூலைக்கு என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேம்பனுக்குத் தாங்கவில்லை.

அவனும் இருளப்ப வைத்தியரின் மாணவன் என்று தெரிந்ததும் தெருவே கூடிவிட்டது. இங்கேயே இருந்துவிடு தம்பி, அதே வீட்டைத் தருகிறோம், குடக்கூலிகூட வேண்டாம் என்றார்கள். ஒருவர் ஓடிப்போய்ச் சாவியே கொண்டுவந்து நீட்டினார். வேம்பன் அந்தச் சாவியைப் பார்த்தான். பிறகு கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

தெருமுனை வரைக்கும் பால்கார அம்மாள் கூடவே வந்தார்.

"கடைசியில ஊரே திரண்டு வந்துச்சு தம்பி. பூப்பல்லக்கு கட்டினாங்க. அவருக்குச் சொந்தம்னு யாரும் இல்லையே, நான் போடுறேன் நீ போடுறேன்னு அத்தனை பேரும் வாய்க்கரிசி போட்டோம். அன்னைக்குத்தான் எல்லாருமா அவரு வாயில அரிசி போட்டோம்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேம்பன் எள்ளுருண்டையை அவர் பிள்ளைக்கென்று கொடுத்துவிட்டு வந்தான்.

திரும்பி வந்த வழியெல்லாம் அவனுக்கு அந்த ஊர் மேல் ஆத்திரம். உப்புக்காற்றையும் குடக்கூலியையும் எடைபோட்டுக்கொண்டிருந்த தன் மேலும் ஆத்திரம். வழியில் எங்கேயும் நின்று சாப்பிடத் தோன்றவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே நடந்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது ஐயா வாசலில் மூலிகை காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிமிர்த்தலாமா?"

வேம்பன் எல்லாவற்றையும் சொன்னான். ஆடி மாசத்தைச் சொன்னான், எரியாத அடுப்பைச் சொன்னான், நீட்டிய சாவியைச் சொன்னான். கடைசியில் வாய்க்கரிசியைச் சொன்னான். வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்து அவன் ஐயாவின் எதிரில் அழுததில்லை. அன்றைக்கு அழுதான்.

"மோசமான ஊர் ஐயா அது. அங்கே யாரும் போகவே கூடாது."

"ஊர் என்னடா பண்ணும்? பசிக்குதுன்னு ஊர்கிட்ட அவன் ஒரு வார்த்தை சொன்னானா?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா சத்தியம் வாங்கினீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. வார்த்தையைத் திரும்ப வாங்க வழியில்லை. ஐயா அவனைக் கோபிக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த மூலிகையில் ஆடு வந்து வாய் வைத்தது. அதைக்கூட விரட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்தார். அடுக்களைக்குள் போய், கவிழ்ந்து கிடந்த சேந்தனின் கும்பாவை எடுத்தார். மேல் தூசியை வேட்டியால் துடைத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார். வேம்பன் பின்னாலேயே போனான்.

எதிர்வீடு அரியநாச்சியுடையது. அவளுடைய பிரசவம், மாமியாரின் வாதம், புருஷனின் மஞ்சள்காமாலை எல்லாவற்றுக்கும் ஐயா கையால்தான் மருந்து. ஊரில் அவர் மருந்து போகாத வீடு கிடையாது. அதனால் எந்த வீட்டிலும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடித்ததில்லை. வேம்பன் அதை அதுவரைக்கும் பெருமை என்றே நினைத்திருந்தான்.

ஐயா வாசலில் நின்று கும்பாவை நீட்டினார்.

"அரியநாச்சி, பசிக்குதும்மா."

அவள் பதறிப்போனாள். வீட்டில் ஒன்றும் இல்லையே ஐயா, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் கோழி அடித்திருப்பேனே என்று புலம்பினாள். பழையது இருக்கிறதா என்று கேட்டார் ஐயா. இருந்தது. சேந்தனின் கும்பா நிறையப் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் ஊற்றி, நாலு வெங்காயத்தை உரித்துப் பக்கத்தில் வைத்தாள்.

ஐயா சம்மணமிட்டு உட்கார்ந்து கையை நனைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். அடுத்த வாயை எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அரியநாச்சி நிலைப்படியில் நின்ற வேம்பனைப் பார்த்தாள். வயிறு ஒட்டி, உதடு வெடித்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தான் அவன். இன்னொரு பாத்திரத்தை எடுக்க உள்ளே திரும்பினாள்.

"இரும்மா" என்றார் ஐயா. "அவன் வாயால கேக்கட்டும்."

வேம்பன் வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. வெட்கமா, சத்தியமா, எது தடுக்கிறது என்று தெரியவில்லை. இவ்வளவு சின்ன வார்த்தைக்கு இவ்வளவு கனமா என்று இருந்தது. சேந்தனும் எத்தனையோ வாசலில் இப்படித்தான் நின்றிருப்பான், ஒன்றும் சொல்லாமல் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போயிருப்பான். அது நினைவுக்கு வந்ததும் அவன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

"எனக்கும் பசிக்குதும்மா" என்றான்.

அவள் போட்டாள். அவன் ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து ஐயா கும்பாவைத் தானே கழுவினார். வைத்தியசாலைக்குத் திரும்பி வந்து அதைப் பலகையில் நிமிர்த்தி வைத்தார். கையை அதிலிருந்து எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"எந்த ஊருக்குப் போகட்டும்னு கேட்டியே" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இப்போ அந்த வீட்ல ஒரு வார்த்தை சொன்னியே, அதைச் சொல்ல உனக்கு எந்த ஊர்ல வாய் வருமோ அங்கே போ. சேந்தனுக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன் வேம்பா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடுங்கிட்டு அனுப்பிட்டேன்."