பதினாலாவது டோக்கன்

முதல் கம்பெனியை மூடிவிட்டு, கோயம்புத்தூரில் இரண்டாவதைத் திறந்திருந்தார் தயாநிதி. பழைய ஆட்களில் அவரோடு வந்தவள் வரவேற்பில் உட்காரும் ஜெசிந்தா மட்டும்தான். சட்டமும் பழையதுதான்: செயலியில் வரும் பட்டனின் நிறம் முதல் காபித்தூள் வரை சார் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டிய செயலி நகரவே இல்லை.

"வேலையை நிறுத்தி வச்சிருக்கிற ஆள் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி ஜெசிந்தா. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார்.

வீட்டில் கைக்குழந்தை, அவள் சம்பளத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. "சரிங்க சார்" என்றாள். அட்டையை வெட்டி எண் எழுதினாள். அவர் சம்மதத்துக்காகக் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்து, டாக்டரைப் பார்க்க வந்தவர்களைப் போல அவர் அறை வாசலில் உட்கார வைத்தாள்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. "எல்லாரும் இங்க என்ன பண்றீங்க? என் காபி எங்கம்மா?"

"ரெடிங்க சார். தூள் புதுசு, நீங்க சரி சொல்லணும். அது பதினாலாவது டோக்கன். இன்னும் முதல் டோக்கனே உள்ள போகல."

"நான் கேட்ட ஆள்?"

"பதிமூணு பேரும் அந்த ஒரே ஆளுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க சார். போன கம்பெனியிலயும் இதே வரிசைதான். அப்ப டோக்கன் தரல, அதனால உங்க கண்ணுல படல."

தயாநிதி வரிசையைக் கடைசி வரை பார்த்தார். பிறகு ஒவ்வொரு டோக்கனாக வாங்கிக்கொண்டார். "போங்கப்பா. அவங்கவங்க வேலையை அவங்கவங்களே முடிவு பண்ணுங்க."

ஜெசிந்தா காபியை நீட்டினாள். "நாளைக்கு நான் வரட்டுங்களா சார்?"

"அதையும் என்கிட்டயே கேப்பியா?" என்றார் அவர்.