ஓவர்லாக் அடித்த பிளவுஸ்

மயிலாத்தாள் சிஷ்யையாகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்தேழு. குரு பூங்கோதைக்கு முப்பது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் மயிலாத்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மருமகளோடு சண்டை வரும் என்று பயந்து, பூங்கோதை நடத்திய தையல் பயிற்சி நிலையத்துக்கு வந்தாள். அங்கே படித்ததெல்லாம் இளம் தாய்மார்கள். பதினாறு, பதினேழு வயதில் இடுப்பில் ஒரு பிள்ளையோடு நிற்பவர்கள். பூங்கோதையும் ஒரு காலத்தில் அப்படி நின்றவள்தான்.

"எனக்குத் தைக்கத் தெரியும். சொல்லிக் கொடுக்கத்தான் தெரியாது. அதைக் கத்துக்கலாம்னு வந்தேனுங்க டீச்சர்" என்றாள் மயிலாத்தாள்.

"வாங்க்கா" என்றாள் பூங்கோதை. அவ்வளவுதான் உபதேசம்.

வந்த வாரமே மயிலாத்தாள் வாசலில் ஒரு கடிகாரத்தை மாட்டினாள். பெண்கள் அவளுக்குச் சூப்பர்வைசரம்மா என்று பேர் வைத்தார்கள். அதில் கிண்டல் இருந்தது. அவளுக்கோ பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கடிகாரத்துக்குப் பிறவி எதிரி தாரணி. தினமும் தாமதம். ஒரு நாள் குழந்தைக்குத் தடுப்பூசி, ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் காரணமே இல்லை. வந்தாலும் தையல் நடுவில் மெஷினை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டிலைப் பார்க்க ஓடுவாள். அவளைக் கட்டியவன் குழந்தை பிறந்த மாதமே வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

மயிலாத்தாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பூங்கோதையிடம் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ளையை என்னதான் பண்றது? கம்பெனியா இருந்தா மூணாம் நாளே கணக்கு முடிச்சிருப்போம். பேசாம நிறுத்திப் போடலாமுங்களா?"

பூங்கோதை மேஜை மேலிருந்த டேப்பை எடுத்து மயிலாத்தாளின் கையில் கொடுத்தாள்.

"கடைசிப் பாடம் வருதில்லீங்களா, அவளுக்கு நீங்களே அளவெடுங்க்கா."

கடைசிப் பாடம் என்பது அந்த நிலையத்தின் வழக்கம். படிப்பு முடியும்போது ஒவ்வொரு பெண்ணும் தனக்கு ஒரு பிளவுஸ் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தையல் கடை வைத்திருக்கும் சுலோச்சனாம்மா வந்து பார்ப்பார். தையல் பிடித்திருந்தால் தன் கடையில் வேலை கொடுப்பார். தாரணிக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுடைய சித்தப்பா வீட்டில் மாடு மேய்க்கப் போக வேண்டும். அந்த வீட்டில் அவளுக்கும் பிள்ளைக்கும் போடுகிற சோற்றில் சோற்றைவிடப் பேச்சு அதிகம்.

மயிலாத்தாள் அளவெடுத்தாள். காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் தாரணி. கம்பெனியில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அட்டை மாட்டிப் பழகிய மயிலாத்தாளுக்கு ஓர் உடம்பைச் சுற்றி டேப் பிடிப்பது புதிதாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. எலும்பு தெரிகிற முதுகு. 'பள்ளிக்கூடம் போற புள்ளை மாதிரி இருக்கிறாளே' என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அளவில் கவனத்தை வைத்தாள்.

பூங்கோதை வெட்டும்போது பக்கத்துக்கு இரண்டு விரல் துணி கூடுதலாக உள்ளே விடச் சொல்லித் தந்திருந்தாள். தாரணியும் அப்படியே விட்டுத் தைத்தாள். முடிப்பதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வழக்கம்போல் தாரணி மட்டும் பாக்கி.

மயிலாத்தாள் பிளவுஸை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். அவளுக்குக் கை அரித்தது.

"எதுக்குக் கண்ணு இவ்வளவு துணி உள்ளே தொங்குது? அசிங்கமா இல்லே? ஓவர்லாக்குல ஓட்டு. சுத்தமா வரும், சீக்கிரமும் முடியும்."

"டீச்சர் வெட்ட வேண்டாம்னாங்களே..."

"நான் சொல்றேன், ஓட்டு."

ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே ஓரத்தை அறுத்துவிடும். இரண்டு விரல் துணி நாடா நாடாவாகக் கீழே விழுந்தது. ஏற்றுமதிச் சரக்குபோலப் பளிச்சென்று இருந்தது பிளவுஸ். அன்று மயிலாத்தாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சுலோச்சனாம்மா வருகிற நாள் வந்தது. கூடத்தில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கக் கூடாது என்று மயிலாத்தாள் முதல் நாளே உத்தரவு போட்டிருந்தாள். குழந்தைகளெல்லாம் பின்கட்டில் ஆயாவிடம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன சுலோச்சனாம்மா உச்சிப் பொழுது ஆகியும் வரவில்லை. மற்ற பெண்கள் சூப்பர்வைசரம்மா கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, நடுவில் ஒரு நடை போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார்கள். தாரணி மட்டும் அசையவில்லை. இன்றைக்காவது நல்ல பேர் வாங்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றபோது பெண்கள் பிளவுஸ் மாற்ற உள்ளே ஓடினார்கள். எல்லாரும் வெளியே வந்தார்கள். தாரணி வரவில்லை.

மயிலாத்தாள் கதவைத் திறந்து பார்த்தாள். தாரணி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இரண்டு கொக்கி மாட்டியிருந்தது. மற்றவை எட்டவில்லை. மார்பில் பால் கட்டியிருந்தது. பின்கட்டில் அவள் குழந்தை வீறிட்டு அழ, புதுத் துணியில் ஈரம் படர்ந்தது.

"நீங்க எடுத்த அளவு சரிதானுங்க. என்ற உடம்புதான்..." என்று தேம்பினாள் அவள்.

மயிலாத்தாள் பக்கத் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்தால் விடுவதற்கு உள்ளே நூலளவு துணி இல்லை. பனியன் துணியாக இருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும். இது பிளவுஸ் துணி. மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரட்டை ஷிப்ட் பார்த்தவள்தான் அவளும். அந்த வலி எப்படி மறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"டீச்சர்!" என்று கூப்பிட்டாள்.

பூங்கோதை வந்தாள். பார்த்தாள்.

"அக்கா, போய்க் குழந்தையை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

சூப்பர்வைசரம்மா தன் உத்தரவைத் தானே மீறி, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். தாரணி அதை மடியில் வாங்கினாள். கொஞ்ச நேரம் அறையில் குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கொக்கிகள் ஒவ்வொன்றாக எட்டின. ஈரத்தை மறைத்து மயிலாத்தாளே முந்தானையை இழுத்துவிட்டாள்.

சுலோச்சனாம்மா தாரணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்து நல்லா வந்திருக்கு. கையும் சுருக்கமில்லாம உக்காந்திருக்கு." பிறகு பக்கத்து ஓரத்தை மடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "ஏம்மா, உள்ளே துணியே இல்லையே? அடுத்த தீவாளிக்குப் பிரிச்சு விடுன்னு ஒருத்தி கொண்டு வந்தா நான் எங்கே போவேன்?"

தாரணி மயிலாத்தாளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க தெரியாம வெட்டிப் போட்டேன்."

கம்பெனியில் தப்பு நடந்தால் டெய்லர் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். இங்கே ஒருத்தி கேட்காமலே தன் தலையைக் கொடுக்கிறாள்.

"பொய் சொல்றாளுங்க. அவ துணி விட்டுத்தான் தைச்சா. வெட்டச் சொன்னது நானு" என்றாள் மயிலாத்தாள்.

சுலோச்சனாம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப உங்களைத்தான் நான் வேலைக்கு எடுக்க முடியாது. இந்தப் புள்ளை திங்கக்கிழமை வரட்டும்."

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பூங்கோதை ஒரு புதுத் துணியை மேஜையில் விரித்தாள்.

"கடைக்குப் போறவளுக்குப் போட்டுக்க ஒரு நல்ல பிளவுஸ் வேணும். நீங்களே வெட்டுங்க்கா."

மயிலாத்தாள் சாக்குக்கட்டியை எடுத்தாள். கோடு போட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"டீச்சர், அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அந்தப் புள்ளையை என்ன பண்றதுன்னு. நீங்க பதிலே சொல்லலையே."

"முதல்ல துணியைப் பாருங்க்கா."

மயிலாத்தாள் துணியைப் பார்த்தாள். கத்தரி கையிலேயே இருந்தது.

"உள்ளே எவ்வளவு விடட்டுமுங்க?"

"அவளுக்கு என்ன வயசு?"

"பதினேழு இன்னும் முடியலீங்க."

"அப்ப இன்னும் வளர்ற புள்ளைதானுங்க்கா."