வயர் போகும் பக்கம்

"இதை என்கிட்ட இருந்து எடுத்துருங்க, தாயீ. இனிமே என்னால சுமக்க முடியாது."

குன்றேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை மட்டும்தான் இருந்தது.

குரு உலகம்மை பையைப் பார்த்தார்.

"பையையா, அண்ணாச்சி?"

"விளையாடாதீங்க."

குருவுக்கு நாற்பது ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. யார் காலில் யார் விழுவது என்று இருவருக்குமே சிறிது குழப்பம் வந்து, கடைசியில் யாரும் விழவில்லை.

உலகம்மை முன்பு பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு ஏன் இந்தக் குன்றுக்கு வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. வருகிறவர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லவே நேரம் போதாது.

"உக்காருங்க. என்ன கனம்?"

"பொண்டாட்டி போயிட்டா. கோமு. போன ஆடியில."

"ம்."

"தையல் மெஷின் ரிப்பேர்க் கடை வச்சிருந்தேன். கடையை அடைச்சிட்டு வந்ததும் அன்னிக்கு நடந்ததையெல்லாம் அவகிட்ட சொல்லுவேன். யாரு மெஷின் நூல் அறுக்கு, யாரு ஊசியை முறிச்சிட்டு வந்து நின்னா, எல்லாத்தையும். சொன்னா மனசு காலியாயிரும்."

"இப்ப?"

"இப்பவும் சொல்லுதேன். சுவத்தைப் பாத்துச் சொல்லுதேன். சொல்லச் சொல்ல நெஞ்சுல பாரம்தான் கூடுது."

"கூட யாரும் இல்லையா?"

"மக வந்து இருக்கேன்னா. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

குரு ஒரு சொம்பில் தண்ணீர் நீட்டினார்.

"வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன், தாயீ. இது இறங்குனா அந்தப் பூட்டைத் திறப்பேன். இல்லேன்னா திறக்க மாட்டேன்."

அழுதிருந்தாலாவது பரவாயில்லை. அவர் அதை விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். உலகம்மைக்குப் பயமாக இருந்தது.

எழுந்து உள்ளே போய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகையில் ஒரு மோட்டார். பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் ஒரு பெல்ட் சேர்த்திருந்தது.

தொழில்காரர் அல்லவா, ஆவுடையப்பனின் கண் தானாகப் பெல்ட்டுக்குப் போனது.

"மோட்டாரு இருக்கு. கரண்டு எங்க?"

"கரண்டு கிடையாது. நீங்க சுத்துங்க."

"மோட்டாரு நம்மளைச் சுத்த வைக்கக்கூடாது, தாயீ. அதுதான் நமக்காகச் சுத்தணும்."

"சுத்துங்க அண்ணாச்சி."

சுற்றினார். சக்கரம் லேசாக ஓடியது. உலகம்மை மோட்டாரின் இரண்டு வயர் முனைகளில் ஒரு ஸ்கூட்டர் பல்பை வைத்துப் பிடித்தார்.

பல்பு எரிந்தது.

ஆவுடையப்பன் கையை நிறுத்தினார். பல்பு அணைந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி எரிந்தது.

"அடப்பாவி! இது மோட்டாரா, டைனமோவா?"

"கரண்டு குடுத்தா சுத்தும். சுத்தினா கரண்டு குடுக்கும். உள்ள இருக்கிறது அதே காந்தம், அதே கம்பிச்சுருள்."

"எனக்கு இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே." இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்த்தார். "ஆனா பல்பை வச்சதும் கை இறுக்குது."

"எரியணும்ல."

உலகம்மை பல்பை எடுத்துவிட்டார்.

அந்தக் குன்றின் மேல் இரண்டே கல் அறைகள். நடுவில் யானை உயரத்துக்கு ஒரு பாறை. ஓர் அறையில் குரு இருந்தார். வருகிறவர்களுக்கு மற்றது. ஓர் அறையிலிருந்து பார்த்தால் மற்ற அறை தெரியாது, கூப்பிட்டால் மட்டும் கேட்கும். அதனால் அங்கே ஒரு விதி இருந்தது. உள்ளே போனவர், தானாகக் கதவைத் திறந்து வெளியே வரும்வரை யாரும் யாரிடமும் பேசக் கூடாது.

உலகம்மை பலகையை அந்த அறையில் வைத்தார். ஜன்னல் வழியாக ஒரு தடித்த வயர் வந்துகொண்டிருந்தது. அதன் முனைகளை மோட்டாரோடு முறுக்கி இணைத்தார்.

"கோமு மைனிகிட்ட பேசணும்னு தோணுறப்ப வாயைத் திறக்காதீங்க. இதைச் சுத்துங்க."

"வயரு எங்க போவுது?"

"அந்தப் பக்கம்."

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

முதல் முறை சுற்றியபோது சக்கரம் கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டுப் பிறகு லேசாக ஓடியது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள்ளேயே கோமுவிடம் மலை ஏறிய கதையைச் சொன்னார். பாதிக் கதையில் சக்கரம் திடீரென்று இறுகியது.

வேகமாகச் சுற்றினார். இன்னும் இறுகியது.

நிறுத்திவிட்டு மஞ்சள் பைக்குள் கையை விட்டார். மாற்று வேட்டிக்கு அடியில் எண்ணெய்க் குப்பி இருந்தது. தையல் மெஷின்காரர் எங்கே போனாலும் குப்பி கூடவே போகும். எது இறுகினாலும் எண்ணெய் போடு என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். சக்கரத்தின் அச்சில் விட்டார். மோட்டாரின் இரண்டு பக்கமும் விட்டார்.

மறுநாள் வேறொரு கதையோடு சுற்றினார். கோமு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்ட இளநீரை வாங்கிக்கொண்டு, தான் தாமதமாக வந்த கதை அது. இதுவரை யாரிடமும் சொல்லாதது. சக்கரம் கல்லாக இறுகியது. முழு பலத்தையும் போட்டுச் சுற்றினார். கழுத்து வியர்த்தது.

எண்ணெய் போட்டார்.

இதில் இன்னொரு தொல்லை. அவர் சும்மா இருக்கும்போது சக்கரம் சில நேரம் தானாகவே சுற்றும். ஆனி மாதக் காற்று அந்தக் குன்றில் ஆளையே தள்ளும். காற்றின் வேலை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். அப்போதும் சுற்றியது. கதவு இடுக்கில் பழைய துண்டைத் திணித்தார். அப்போதும் சுற்றியது. பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். தானாக ஓய்ந்துவிடும்.

யாரோ ஜன்னலடியில் கஞ்சி வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்கும். முகம் தெரியாது. அந்த அறையில் இருந்ததுபோல அவர் தாம் பூட்டிவிட்டு வந்த வீட்டில்கூடத் தனியாக இருந்ததில்லை. வீட்டில் சுவராவது பழகிய சுவர்.

எண்ணெய்க் குப்பி காலியான அன்று கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"தாயீ!"

உலகம்மை பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பாரத்தை எறக்கச் சொன்னா, பாரத்தையே சாமானாச் செஞ்சு குடுத்திருக்கிய! குப்பி எண்ணெயும் போட்டாச்சு. நான் என்னத்தைச் சொன்னாலும் அது இறுகிக்கிடுது."

உலகம்மை உள்ளே போய் வயர் முனைகளைக் கழற்றினார்.

"இப்பச் சுத்துங்க."

சுற்றினார். சக்கரம் பறந்தது. கையை எடுத்த பிறகும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்படில்லா இருக்கணும்! என்ன செஞ்சிய?"

"வயரைக் கழட்டினேன். இப்படியே விட்டுரலாம். நீங்க என்ன சொன்னாலும் லேசாத்தான் ஓடும். போய்ப் பூட்டைத் திறக்கலாம்."

ஆவுடையப்பன் ஓடுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனோ அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"அந்த வயரு எங்கதான் போவுது?"

"வாங்க."

பாறைக்கு அந்தப் பக்கம், குருவின் அறையில் ஒரு பாய் இருந்தது. பாய்க்கு முன்னால் அதேபோல ஒரு பலகை, அதே மோட்டார், அதே சக்கரம்.

"நீங்க சுத்தினா இது சுத்தும்," என்றார் உலகம்மை.

"அப்ப அங்க இறுகுனது?"

உலகம்மை வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே சக்கரத்தின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

"நான் பிடிச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க சொல்லிக்கிட்டிருந்தீங்க. யாராவது பிடிக்கணும்ல."

ஆவுடையப்பனுக்கு இளநீர்க் கதை நினைவு வந்தது. அன்றைக்குத்தான் அது கல்லாக இறுகியது. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இந்தப் பெண் இங்கே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்திருக்கிறாள்.

"நான் எண்ணெய்ல்லா போட்டேன், தாயீ."

"எண்ணெய்க்கு என் கை விட்டுருமா?"

அவர் சிரிக்கவில்லை. வேறொன்று தட்டுப்பட்டது.

"அங்க அது தானாவும் சுத்துமே. காத்துன்னு நெனச்சேன்."

"காத்தில்ல."

"நீங்களா?"

"ம்."

"அப்ப உங்களுக்கும் கை இறுகியிருக்குமே?"

"இல்ல அண்ணாச்சி. எனக்கு லேசாத்தான் இருந்துது." உலகம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாரு வந்து தங்கினாலும் எனக்கு லேசாத்தான் இருக்கும்."

அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் பேசியவருக்கு அது தெரியாதா? சக்கரம் தானாகச் சுற்றியபோது பிடிக்காமல் படுத்துக்கொண்டு பார்த்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

பாறையைச் சுற்றித் தம் அறைக்குத் திரும்பினார்.

கீழே கிடந்த வயர் முனைகளை எடுத்து மோட்டாரோடு முறுக்கினார். பல்லால் கடித்து இறுக்கினார். கதவைச் சாத்திக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்தார்.

கைப்பிடியைத் தொடவில்லை. சக்கரத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வெளியே காற்று அடித்தது. சக்கரம் அசையவில்லை. கால் மரத்துப்போனது. குரு இனிமேல் சுற்றமாட்டாரோ என்று பயம் வந்தது.

அப்போது உள்ளங்கைக்குள் ஏதோ மெல்ல முண்டியது.

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து, விதியை மறந்து, குரு கத்தினார்.

"அண்ணாச்சி! கனக்குது!"