செங்கமலம் காட்டிய விரிசல்

நகர நூலகம் 1957-ல் எழுந்த கான்கிரீட் கட்டடம். "சிலையில்லை, கோபுரமில்லை, இதெல்லாம் ஒரு பாரம்பரியச் சின்னமா?" என்று அதை இடிக்கத் துடித்தார் பொறியாளர் தாமோதரன். அங்கே பெருக்கும் செங்கமலத்தை அழைத்து, "இதைச் சின்னமா அறிவிக்கலாமான்னு பாக்க நாளைக்குப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வருது. பெரிய விரிசலாப் பாத்துக் காட்டணும், இல்லேன்னா உன் வேலை போயிடும்" என்றார்.

செங்கமலம் படிக்கட்டு முதல் மொட்டைமாடி வரை பதறிப் பதறித் தேடினாள். மயிரிழைகூட இல்லை.

மறுநாள் குழுவின் முன் தாமோதரன் கேட்டார்: "விரிசல் இருக்காம்மா?"

"கையே நுழையுதுங்கய்யா, வாங்க."

எல்லாரையும் அவள் வாசல் மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். அது மூன்று வருடத்துக்கு முன் தாமோதரன் கட்டிச் சேர்த்தது.

"பழசுல ஒண்ணும் கிடைக்கலீங்க. உங்க பேர் போட்ட கல்லுக்குக் கீழதான் இருக்கு."

நூலகம் சின்னங்கள் பட்டியலில் ஏறியது. மண்டபத்தை இடிக்கும் உத்தரவில் தாமோதரனே கையெழுத்துப் போட்டார்.